பள்ளிக்கூட மணி அடித்த பிறகு



பரிசளிப்பு விழா மலர் என்றால் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படம் இருக்கும். தலைமையாசிரியர் அறிக்கை இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஆனால், இந்தச் சில பக்கங்களில் வேறொரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பது காலையிலிருந்து நடுப்பகல் வரைதான். மணி அடித்துப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிள்ளை, பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் வரை எங்கே இருக்கிறது? யாரோடு இருக்கிறது? என்ன பழகிக்கொள்கிறது?

ஒரு பிள்ளை தேறுவதும் வீணாய்ப் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட நேரத்துக்குச் சட்டம் உண்டு, வாத்தியார் உண்டு, பாடத்திட்டம் உண்டு. மணி அடித்த பிறகுள்ள நேரத்துக்கு எந்தச் சட்டமும் கிடையாது. இந்நாட்டில் அந்த நேரத்தைக் காத்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள், பட்டம் இல்லாதவர்கள், பத்து காசு இருபது காசாகச் சந்தா சேர்த்தவர்கள். அவர்களுடைய வரலாறு நம் பாடப் புத்தகத்தில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆயாக் கொட்டகையிலிருந்து தொடங்குவோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாமல் இருக்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் இருவரும் பால்மரம் வெட்டினால்தான் அடுப்பு எரியும். கைக்குழந்தையை என்ன செய்வது? இருட்டோடு இருட்டாகத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஆயாவிடம் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போவாள் தாய். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். மரம் வெட்ட முடியாத வயதுக்கு வந்துவிட்ட கிழவி ஒருத்தி, ஒரு தூளியைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டிருப்பாள். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, தாய் திரும்பி வரப் பகலாகிவிடும்.

அந்த ஆயாவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. தோட்ட நிர்வாகம் கொடுத்த சொற்பச் சம்பளம்தான். ஆனாலும் நம்மில் எத்தனை பேருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியும் அந்தக் கைகளில் வளர்ந்தவர்கள்! கொட்டகையில் இடம் போதாத தோட்டங்களில், எட்டு வயது அக்காள்தான் தம்பிக்கு ஆயா. தம்பியை இடுப்பில் வைத்திருப்பவள் சிலேட்டை எங்கே பிடிப்பாள்? பள்ளிக்குப் போகாத பெண்பிள்ளைகளின் கணக்கில் பாதி இதில் அடங்கும். பையன்களுக்கு ஒட்டுப்பால் பொறுக்குவதும், மங்கு துடைப்பதும், புல் வெட்டும் கூட்டத்தோடு போவதும் இருந்தன. தாய் தகப்பனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளி கூடினால் ஒரு படி அரிசி கூடும் என்ற நிலைமை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொல்லியது. நல்ல சட்டம்தான். நடந்தது என்ன? பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் பலகையை மாட்டிப் ‘பள்ளிக்கூடம்’ என்றார்கள். கோயில் மண்டபத்தில் நடந்ததும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியாராகவும் இருந்தார். சட்டம் ஓர் அறையைத்தான் கேட்டது; அறையைக் கொடுத்துவிட்டு துரைமார்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளை வளர்ந்து பெரியவனாகி மறுபடியும் அதே நிரைக்கு வந்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு நம்மவர் வாயிலும் ஏறிவிட்டது. ‘படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே, நாளைக்கு மரந்தானே வெட்டப் போறே’ என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்!

ஆனால் எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய சான்று அது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர்.எச். நாதனும் முன் நின்றார்கள். அவர்கள் கேட்டவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நம் பெண்களிடம் முறைகேடாய் நடப்பதை நிறுத்து என்றார்கள். ஒழுங்கான மருத்துவ வசதி கொடு என்றார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக விடு என்றார்கள். சங்கம் வைக்க உரிமை கொடு என்றார்கள். இத்தனைக்கும் நடுவில், எங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி கொடு என்றும் கேட்டிருக்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். அரை வயிற்றுக் கூலிக்காரன், வேலை போகும், வீடு போகும் என்று தெரிந்தே நிறுத்தம் செய்கிறான். கூலியை மட்டும் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் பிள்ளையின் படிப்பையும் சேர்த்துக் கேட்டான். நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது; சுட்டது; தொழிலாளர் உயிர் போனது. ‘தோட்டத்துக்காரனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்று இன்றும் சிலர் மேடையில் பேசுகிறார்களே, அவர்கள் கிள்ளான் கோரிக்கைப் பட்டியலை ஒரு தடவை படித்துவிட்டுப் பேசட்டும்.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பான்காரன் வந்தான். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனான். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. போர் முடிந்தபோது லயத்துக்கு லயம் தகப்பன் இல்லாத பிள்ளைகள். கட்டத் துணி இல்லை, மருந்து இல்லை. ஆனால் கள்ளுக்கடை மட்டும் மறுபடி திறந்துவிட்டது!

கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்து ஆர்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது இந்தச் சூழ்நிலையில்தான். தோட்டத்து இளைஞர்களை ஒன்று சேர்த்து, அணிவகுத்து நடக்கப் பழக்கி, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பெண்களும் வந்து நின்றார்கள். வராமல் என்ன செய்வார்கள்? கள்ளுக்கடையில் போன காசு பிள்ளையின் சோற்றுக் காசல்லவா? சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் தொண்டர் படை பரவியது. 1947 தொடக்கத்தில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டுக் கைதும் தண்டனையும் வந்தன; படை அடக்கப்பட்டது. தொண்டர் படையின் முறைகள் எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. குடித்தவனைக் கட்டாயப்படுத்தித் திருத்துவதில் அடிதடியும் கலந்துவிடும். ஆனால், பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு மாலை நேரத்தில் செய்வதற்கு ஓர் ஒழுங்கான வேலையைக் கொடுத்து, ‘நீயும் ஓர் ஆள்தான்’ என்ற நினைப்பை ஊட்டிய முதல் பெரிய முயற்சிகளில் அதுவும் ஒன்று.

போருக்குப் பின் அனாதைப் பிள்ளைகளைக் கையில் எடுத்தவர்களும் இருந்தார்கள். சுவாமி சத்தியானந்தா 1949-இல் தொடங்கிய சுத்த சமாஜம், கோலாலம்பூர் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தியது. சுவாமி 1961-இல் மறைந்தார். அந்தப் பொறுப்பை ஏற்ற அன்னை மங்களம், 2023-இல் தம் 97-ஆவது வயதில் காலமாகும் வரை அந்தப் பணியிலேயே இருந்தார். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை என்று பார்க்காத இல்லம் அது. அங்கே சிங்கப்பூரில், கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் பெருமக்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் திறந்தார்கள். பெரிய முதலாளிகள் மட்டுமா கொடுத்தார்கள்? சில்லறை வியாபாரிகளும் கூலி வேலை செய்தவர்களும் சேர்ந்து தாங்கிய பள்ளி அது. 1982-இல் அது மூடப்படும் வரை, சமயம் பாராமல் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். அதுதான் மணிமன்றம்.

சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932-இல் தோன்றியதையும், 1935-இல் ‘தமிழ் முரசு’ ஒரு காசு விலையில் வெளிவந்ததையும் பெரியவர்கள் அறிவார்கள். அதை நடத்திய கோ. சாரங்கபாணி அவர்கள் 1950-களின் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கென்று முரசில் ‘மாணவர் மணிமன்ற மலர்’ என்ற பகுதியைத் தொடங்கினார். பிள்ளைகளே எழுத வேண்டும். பிள்ளைகளே படிக்க வேண்டும். இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று தோட்டத்துக்கு ஒரு பேப்பர் வரும். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பேப்பரில் நம் லயத்துப் பையன் பேர் அச்சாகி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘ஏய், நம்ம புள்ள பேரு பேப்பர்ல வந்திருக்குடா!’ என்று லயமே கூடிவிடாதா? பால்வாடை போகாத கை எழுதியதும் அச்சில் ஏறும் என்று அன்றுதான் நம்மவர் கண்டார்கள். இந்த நாட்டிலும் சிங்கப்பூரிலும் பிற்காலத்தில் பேர் சொல்லும் எழுத்தாளர்களாக விளங்கியவர்களில் கணிசமானோர் அந்த மலரில் தவழ்ந்தவர்கள்.

பேப்பரில் இருந்த மன்றம் கொஞ்ச நாளில் தரையில் இறங்கியது. பிள்ளைகள் வளர்ந்து இளைஞர்கள் ஆனார்கள். ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகத் தமிழ் இளைஞர் மணிமன்றம் எழுந்தது. மணி என்றால் இரத்தினமும் ஆகும், ஓசை எழுப்பும் மணியும் ஆகும். ஆங்கிலத்தில் பேர் வைத்தபோது ஓசை எழுப்பும் மணியையே எடுத்துக்கொண்டு ‘பெல் கிளப்’ என்றார்கள். பொருத்தந்தான், பள்ளிக்கூட மணி ஓய்ந்த பிறகு அடித்த மணியல்லவா!

மன்றத்தில் என்ன நடந்தது? பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. அதுவும் இல்லாவிட்டால் கோயில் முன்திண்ணை. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி நிறையப் புத்தகம். மாலையில் சடுகுடு, பந்து விளையாட்டு. இருட்டிய பிறகு கேஸ் விளக்கு வெளிச்சத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு. பெரிய பையன் சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி. திருக்குறள் மனப்பாடப் போட்டி. தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ நாடகம். அரிதாரம் பூசிய ராஜா மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு நிற்பார், காதோரத்தில் சாயம் போகாமல்! 1952 முதல் பொங்கலை ஒட்டிக் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாளுக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது.

இவை எல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மன்றத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் வேண்டும். பதினெட்டு வயதுப் பால்மரத் தொழிலாளி செயலாளர் ஆகிறான். கூட்டத்துக்கு அறிவிப்பு எழுத வேண்டும். கூட்டக் குறிப்பு எழுத வேண்டும். போன கூட்டக் குறிப்பை வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். சந்தா வசூலித்து ரசீது கிழித்துக் கொடுக்க வேண்டும். பந்து வாங்கிய செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். திடலைக் கேட்டு மானேஜருக்கு மனு எழுத வேண்டும். எழுதிய மனுவோடு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். கைகட்டி நின்ற தகப்பனின் மகன், கையில் காகிதத்தோடு போய் நின்று பேசினான் என்றால், அதை எந்தப் பள்ளிக்கூடம் கற்றுக் கொடுத்தது? பின்னாளில் தொழிற்சங்கக் கிளைகளிலும், கோயில் கமிட்டிகளிலும், நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் முன்நின்று உழைத்தவர்கள் பலரைக் கேட்டுப் பாருங்கள், ‘நான் மணிமன்றத்து ஆளு’ என்பார்கள்.

பிள்ளை நலமாக வளர என்ன வேண்டும் என்று இன்று படித்தவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதுகிறார்கள். மன்றம் அதைச் சுருக்கமாகச் செய்து காட்டியது. போய் உட்கார ஓர் இடம். பேர் சொல்லிக் கூப்பிட, தாய் தகப்பன் அல்லாத ஒரு பெரியவர். ‘இது உன் பொறுப்பு’ என்று நம்பிக் கொடுக்க ஒரு வேலை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வரலாறு எழுத உட்கார்ந்துவிட்டு வெறும் புகழ்மாலை தொடுப்பது முறையன்று. தலைவர் நாற்காலிக்குச் சண்டை வந்து இரண்டாக உடைந்த மன்றங்கள் எத்தனையோ! அரசியல் கட்சிக்காரர்கள் உள்ளே புகுந்து, தேர்தல் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போன கதையும் உண்டு. சீர்திருத்தம் பேசிய மன்றத்திலேயே, கீழ்லயம் மேல்லயம் என்று சாதி பார்த்து ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய குறை, பெண்பிள்ளைகள். பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை மேடையில் குறள் சொன்ன பிள்ளையை, ‘பெரிய பொண்ணாயிட்டா, இனிமே எதுக்கு’ என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தம்பி மன்றத்தில் கேரம் ஆட, அக்காள் அடுப்பு ஊதினாள். சில மன்றங்கள் மகளிர் பகுதி அமைத்து வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் பேசி அழைத்து வந்தன. அப்படிச் செய்தவை குறைவு. அந்தக் குறைவுக்கு நம் சமுதாயம் கொடுத்த விலை அதிகம்.

காசு விஷயத்தில் நம்மவர் கை நீண்டதற்கு இன்னொரு சான்றும் சொல்லிவிடுகிறேன். அப்பொழுது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை ஏற்பட்டது. அதன் நூலகத்துக்காகச் சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளியும், துறைமுகத் தொழிலாளியும், நகரசபைக் கூலியும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை பல்கலைக் கழக வாசலை மிதிக்கும் என்று அவர்களில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? ஆனாலும் கொடுத்தார்கள். யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை போய்ப் படிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

பிறகு தோட்டமே ஆட்டங்கண்டது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பள்ளிக்கூடம் யாருடையது, ஆயாக் கொட்டகை யாருடையது, திடல் யாருடையது? யாருடையதும் இல்லை. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது இதைத் தடுக்கத்தான். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் உதவியது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற விதி வந்தபோது, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள் என்பது கணக்கு. பிறந்த மண்ணை விட்டுப் பார்த்தறியாத ஊருக்குப் போன பிள்ளைகளும் அதில் அடக்கம். சாரங்கபாணி 1950-களில் ‘குடியுரிமை எடு, குடியுரிமை எடு’ என்று தொண்டை வறளக் கத்தியது எதற்கு என்று அப்பொழுது புரிந்தது.

மிஞ்சிய தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகத்தான் வேண்டும். 1980-களிலும் 90-களிலும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் தோட்டங்கள் கைமாறின. இன்று புத்ராஜெயா என்று அழகாக நிற்கிறதே, அந்த நிலத்தில் பெராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். இப்படி நாட்டில் எத்தனையோ இடம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்றே மேல்.

தோட்டத்தை விட்டு வந்தபோது நாம் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம்? வீட்டைச் சொல்வோம், கோயிலைச் சொல்வோம். ஆயாவைச் சொல்ல மாட்டோம். மன்றத்தைச் சொல்ல மாட்டோம். திடலைச் சொல்ல மாட்டோம். அடுக்குமாடி வீட்டில் தாய் தொழிற்சாலைக்கு ஷிப்டு போகிறாள்; தகப்பன் லாரி ஓட்டப் போகிறான். பிள்ளை கழுத்தில் சாவி. கீழே இறங்கினால் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நாலு பெரிய பையன்கள் நிற்பார்கள். அவர்களும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்; அவர்களும் ‘இது உன் பொறுப்பு’ என்று ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறார்கள். மன்றம் கொடுத்ததையெல்லாம் குண்டர் கும்பலும் கொடுக்கிறது, வேறு வழியில்! மன்றம் காலியாக்கிய இடத்தில்தான் கும்பல் வந்து உட்கார்ந்தது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். பையன்களைத் திட்டிப் புண்ணியமில்லை.

இந்த வெற்றிடத்தைக் கண்டு கலங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1979-இல் படித்த இளைஞர்கள் சிலர் கூடிக் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியத்தைத் தொடங்கினார்கள். 1982-இல் வரலாற்றாசிரியர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போய், மொழி புரியாமல் தடுமாறிப் பாதியில் நின்ற பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பிள்ளைகளையும் அவர்களைப் போன்றவர்களையும் வார இறுதியில் பள்ளி வகுப்பறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உட்கார வைத்து, அரசாங்கச் சோதனைக்குத் தயார் செய்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் பல்கலைக் கழக மாணவர்கள். அந்த நிலையத்திலேயே படித்து மேலே போய்த் திரும்பி வந்து பாடம் சொன்னவர்களும் உண்டு. பெரிய பையன் சின்னப் பையனுக்குக் கணக்குச் சொன்ன அந்தக் கேஸ் விளக்கு ஞாபகம் வருகிறதா?

அந்த நிலையத்தில் வகுப்பு மட்டும் இல்லை. பிள்ளை முருகன் முன்னால் நின்று ‘ஒழுங்காகப் படிப்பேன்’ என்று உறுதி எடுக்கும். தாய் தகப்பனும் கூட வந்து நிற்க வேண்டும். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போவார்கள். டியூஷனுக்குச் சாமி எதற்கு என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. வீட்டில் படிக்க மேசை இல்லாத பிள்ளைக்கு ஒரு பெரிய கூட்டம் பின்னால் நிற்கிறது என்று காட்டுவதற்கு, நம் சனங்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி கோயில் வழிதான். தீமிதிக்கும் காவடிக்கும் கூடுகிற கூட்டத்தைப் புத்தகத்துக்கும் கூட்டியது சாமர்த்தியம் என்றே சொல்வேன்.

சிங்கப்பூரிலும் 1991-இல் சிண்டா அமைந்தது. அங்கே வேலை செய்யும் இந்தியர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டு, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளுக்கும் குடும்ப உதவிக்கும் போகிறது. மன்றத்துச் சந்தாவின் இன்னொரு வடிவம் அது. ரசீது கிழிக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று மட்டும் மாறவில்லை என்று எனக்குப் படுகிறது. அரசாங்க மானியம் வருகிறது; சில வருடம் வரும், சில வருடம் வராது. மானியத்தை நம்பித் தொடங்கிய வகுப்புகள் மானியத்தோடு நின்றன. ஒரு தெருவில் இருக்கிற ஐந்து பேர், வாரத்தில் இரண்டு மாலை நேரத்தை எடுத்து வைத்துத் தொடங்கியவை மெதுவாக, குறையோடு, சண்டையோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஐந்து பேரில் ஒரு டீச்சர் இருப்பார். ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் இருப்பார். ரொட்டிச் சானாய் கடைக்கார அண்ணன் ஒருவர் இருப்பார், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க. ஆயா இல்லாத குறையை அந்தத் தெருப் பாட்டி ஒருத்தி தீர்த்து வைப்பாள்.

இப்பொழுது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய மன்றங்களின் கதை பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் இருக்கிறது. சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபதும் எண்பதும் வயதாகிறது. தோட்டத்தை விட்டு வந்தபோது மன்றத்து அலமாரியை யார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று யாருக்காவது தெரிந்திருக்கும். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில், சேலைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் நடுவில், மன்றத்துச் சந்தா ரசீது கிடக்கலாம். கூட்டக் குறிப்பு எழுதிய நீள நோட்டு கிடக்கலாம். நாடகம் முடிந்து எடுத்த குரூப் படம் கிடக்கலாம். ஆயாக் கொட்டகை வாசலில் பிள்ளைகளோடு நிற்கும் கிழவியின் படம்கூடக் கிடக்கலாம். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எடுத்து வந்து நம் பள்ளி நூலகத்தில் காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். படத்தில் இருப்பவர்களின் பேரையும், தோட்டத்தின் பேரையும், வருடத்தையும் தெரிந்தவரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக் கொண்டு வாருங்கள். ஆயாவின் பேர் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள்.